எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார், டிராக் நாள்: டயரில் எவ்வளவு காற்று?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 3

என்னிடம் இருப்பது பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. எடை ஆயிரம் கிலோவுக்குப் பக்கம். டயர் 195/50 ஆர்15, சாதாரண சாலை டயர்தான். கதவு ஓர ஸ்டிக்கரில் நாலு டயருக்கும் காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. அடுத்த மாதம் என் முதல் டிராக் நாள், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள். கூட வருகிற ஒருவர் பெரிய செடான் ஓட்டுபவர், "38 வை, இல்லையென்றால் வளைவில் டயர் மடங்கிவிடும்" என்கிறார். இன்னொருவர் ஸ்டிக்கரில் இருப்பதை விடக் குறைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? ஒரு எண் சொன்னால் போதும்.

மார்ச் 3, இரவு

அந்த 38 ஆறிய டயரிலா, ஓடி வந்து நிறுத்தியவுடனா? முதலில் இதைக் கேளுங்கள். டயர் காற்றைப் பற்றிய பாதிச் சண்டை இதைக் கேட்காததால் வருவது. ஸ்டிக்கரில் இருக்கும் 26 ஆறிய எண். டிராக்கில் கிரிப் (தரைப்பிடி) தருவது சூடான எண். இரண்டையும் கலந்து பேசினால் எந்த எண்ணும் சரியாகத் தெரியும், எந்த எண்ணும் தப்பாகத் தெரியும்.

உங்கள் 26ஐயே எடுத்துக்கொள்வோம். காலை 20 டிகிரியில் 26 வைத்துக் கிளம்புகிறீர்கள். சில லேப் (டிராக்கை ஒரு முறை சுற்றுவது ஒரு லேப்) வேகமாக ஓட்டியதும் டயருக்குள் இருக்கும் காற்று 65 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் அளக்கும் கேஜ் 32க்குச் சற்று மேலே காட்டும். ஆறிய நிலையில் 38 வைத்துக் கிளம்பினால் அதே சூட்டில் 46. ஆயிரம் கிலோ காருக்கு 46 என்றால் ட்ரெட்டின் (டயரில் தரையைத் தொடும் பகுதியின்) நடுப்பட்டையில் மட்டும் நின்றுகொண்டு வளைவைத் திரும்புவது மாதிரி.

எண் கேட்டீர்கள். சூடான நிலையில் 30. அங்கே போவதற்கு வழி: காலையில் 26 வைத்து வெளியே போங்கள், திரும்பி வந்தவுடன் அளந்து 30க்கு இறக்குங்கள். குறைவாகத் தொடங்கி ஏற்றுவதை விட, கொஞ்சம் கூடுதலாகத் தொடங்கி இறக்குவது முதல் நாளுக்குப் பாதுகாப்பு. பிட்டில் (டிராக் ஓரம் கார்கள் வந்து நிற்கும் இடத்தில்) காற்றை இறக்க வால்வு ஊசியை அழுத்தினால் போதும், ஏற்றத்தான் பம்ப் வேண்டும்.

மார்ச் 4

"30 எங்கிருந்து வந்தது?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எண்ணை விட அது எங்கிருந்து வந்தது என்பதுதான் உதவும், ஏனென்றால் நாளை கார் மாறும், டயர் மாறும்.

195/50 ஆர்15 டயரின் பக்கவாட்டில் 82 என்று ஓர் எண் இருக்கும். சுமைக் குறியீடு. 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும், அதற்கான காற்று 36 பிஎஸ்ஐ. எம்எக்ஸ்-5இல் ஓட்டுநரையும் சேர்த்து ஒரு சக்கரத்தில் இருப்பது சுமார் 270 கிலோ. டயர் எதற்காகக் கட்டப்பட்டதோ அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் மாஸ்டா 26 என்று போட்டது. அது சொகுசுக்காகக் குறைத்த எண் இல்லை.

டயர் தரையைத் தொடும் பரப்பைத் தோராயமாகக் கணக்கிட, சுமையை அழுத்தத்தால் வகுத்தால் போதும். டயரின் பக்கச் சுவரான சைட்வாலும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் திசை தெரியும். 270 கிலோவுக்கு, 30 பிஎஸ்ஐயில் சுமார் 128 சதுர சென்டிமீட்டர். 46இல் 84. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. செடான் நண்பரின் காரில் ஒரு சக்கரத்துக்கு 420, 450 கிலோ இருக்கும். அவருக்கு 38 தேவைப்படுவது அதனால்தான். அவர் தன் காரைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

கேட்டர்ஹாம் செவன் மாதிரி 500, 600 கிலோ கார்களை ஓட்டுபவர்கள் 18, 20 என்று பேசுவதைக் கேட்டு முதலில் பதறாதவர்கள் குறைவு. இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள், பதற்றம் போய்விடும்.

இன்னொரு பக்கமும் உண்டு, எடை குறைந்த கார்க்காரர்கள் அதிகம் கவனிக்காத பக்கம். கனமான காரில் டயர் சூடேறிப் போய்விடும் என்பது கவலை. நம் காரில் டயர் போதுமான சூட்டுக்கு வருமா என்பதே கவலை. டயர் சூடாவது பெரும்பாலும் அது நெளிவதால். காற்று அதிகமாக இருந்தால் நெளிவு குறையும், சூடு குறையும், ரப்பர் தன் வேலை வெப்பநிலைக்கு வராது. காரில் எடையும் இல்லை, டயர் நெளியவும் இல்லை என்றால் அது நாள் முழுக்கக் கல் மாதிரியே சுற்றும். குளிர்ந்த நாளில் இது நன்றாகவே தெரியும்.

மார்ச் 5

கணக்கு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

கேஜ் காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்பதை. கணக்குக்கு அதோடு 14.7ஐக் கூட்ட வேண்டும். வெப்பநிலையோடு 273ஐக் கூட்ட வேண்டும். 26 என்பது 40.7 ஆகும். 20 டிகிரி 293 ஆகும், 65 டிகிரி 338 ஆகும். 40.7 × 338 ÷ 293 = 46.9. அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் 32.2. அவ்வளவுதான்.

"பத்து டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ" என்று பலரும் சொல்வது நம் மாதிரி குறைந்த அழுத்தத்தில் ஓட்டுபவர்களுக்கு ஓரளவு சரி: 18 பிஎஸ்ஐயில் பத்து டிகிரிக்கு 1.1 ஏறும். 38இல் அதே பத்து டிகிரிக்கு 1.8. ஒரே டிராக், ஒரே சூடு, ஆனால் செடான்காரரின் கேஜ் உங்களுடையதை விட அதிகம் ஏறும். அவர் எவ்வளவு இறக்கினாரோ அதே அளவு நீங்களும் இறக்கினால் உங்கள் டயரில் காற்று போதாமல் போகும்.

மார்ச் 8

இன்று அளப்பதைப் பற்றி. இதுதான் எனக்கு மிகவும் முக்கியம், கொஞ்சம் நீளும்.

முதலில் கேஜ். பெட்ரோல் பங்க் பம்பில் இருக்கும் கேஜை டிராக் வேலைக்கு நம்ப வேண்டாம். முள் வைத்த நல்ல கேஜ் ஒன்று, 60 வரை அளவு போட்டது, உங்களுடையதாக இருக்கட்டும். 160 வரை காட்டும் கேஜில் 20க்கும் 21க்கும் இடைவெளி கண்ணுக்கே தெரியாது. உங்கள் கேஜ் உண்மையை விட ஒரு பிஎஸ்ஐ தள்ளிக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே ஒரு பிஎஸ்ஐ தள்ளிக் காட்டினால் சரி. அடுத்தவர் கேஜை இரவல் வாங்கி அன்றைய எண்ணை உங்கள் நோட்டில் எழுதாதீர்கள்.

அடுத்து, எப்போது அளப்பது. வேகமான லேப் முடிந்து பிட்டுக்குள் வந்தவுடன். நடைமுறையில் கடைசியில் ஒரு லேப் மெதுவாக வரச் சொல்வார்கள், பிரேக்குக்கு அது தேவை. அந்த ஒரு லேப்பில் ட்ரெட்டின் மேற்பரப்பு வேகமாக ஆறும், உள்ளே இருக்கும் காற்று மெல்லத்தான் ஆறும். அதனால் கவலை இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யுங்கள். ஒரு முறை மெதுவான லேப், அடுத்த முறை நேரே பிட் என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

காரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, நண்பரிடம் அந்த இரண்டாவது வளைவைப் பற்றிப் பேசி முடித்து அளந்தால் என்ன ஆகும்? டயர் ஆறியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சில சமயம் நேர் எதிர். சூடேறிய பிரேக் டிஸ்க்குக்கு இப்போது காற்றோட்டம் இல்லை. அதன் சூடு ரிம்முக்கு ஏறி உள்காற்றையும் சூடாக்கும். முன்பக்கம் கேஜ், நிறுத்தியவுடன் காட்டியதை விட மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்து இறக்கினால் அடுத்த ஓட்டத்தில் முன்பக்கம் காற்று குறைவு. கேஜ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், இறங்கியவுடன் அளவு, பேச்சு அப்புறம்.

எந்த டயரை முதலில்? அதிகம் உழைத்ததை. டிராக் கடிகாரச் சுற்றில் ஓடினால் வலது வளைவுகள் அதிகம், இடது டயர்கள்தான் அதிகச் சுமை வாங்கும். இடது முன், இடது பின், வலது பின், வலது முன். எப்போதும் இதே வரிசை.

அப்புறம் வெயில். காலையில் கார் நிற்கும்போது ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் என்றால், வெயில் பக்கத்து டயர் ஓடாமலே சூடேறியிருக்கும். நாலையும் 26க்குச் சமமாக வைத்தோம் என்று நினைப்போம், உண்மையில் வெயில் பக்கம் காற்று குறைவாக அடித்திருப்போம். நிழலில் நிறுத்தி அளந்து பாருங்கள், முடியாவிட்டால் ஒரு துணியையாவது டயர் மேல் போடுங்கள்.

எழுதி வையுங்கள். நேரம், வெளி வெப்பநிலை, ஆறிய எண், சூடான எண், கார் என்ன செய்தது. கடைசிப் பத்திதான் எல்லோரும் விடுவது, அதுதான் உயிர். "மூன்றாவது வளைவில் முன்பக்கம் தள்ளியது, நாலு லேப் கழித்து" என்று ஒரு வரி இருந்தால் அடுத்த முறை அது பத்து எண்களுக்குச் சமம். தள்ளுவது என்றால், ஸ்டியரிங் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்பாமல் கார் வெளிப்பக்கம் போவது.

மார்ச் 9

நைட்ரஜன் அடிக்கலாமா என்று இரண்டு பேர். அடிக்கலாம், ஆனால் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஒரே கணக்குப்படிதான் ஏறும். வித்தியாசம் ஈரத்தில். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீர் காற்றோடு டயருக்குள் போயிருந்தால், டயர் சூடாகும்போது அது ஆவியாகித் தன் பங்கு அழுத்தத்தைச் சேர்க்கும். 65 டிகிரியில் அது 3 பிஎஸ்ஐ வரை வரும். கணக்கு ஒன்று சொல்ல, கேஜ் வேறொன்று சொன்னால், அதுவும் ஒரே ஒரு டயரில் மட்டும் சொன்னால், ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். உலர்ந்த காற்று கிடைத்தால் போதும்.

மார்ச் 15

"முன்பக்கம் தள்ளுகிறது. காற்றைக் குறைக்கவா, கூட்டவா?"

நேரான பதில் தர முடியாத கேள்வி. கிரிப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவில் நடுவில் ஓர் உச்சம் உண்டு, இரண்டு பக்கமும் சரிவு. நீங்கள் உச்சத்துக்கு மேல்பக்கம் நிற்கிறீர்கள் என்றால் குறைத்தால் கிரிப் வரும். கீழ்ப்பக்கம் நிற்கிறீர்கள் என்றால் குறைத்தால் இன்னும் போகும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரியாமல் விதி சொல்பவர்கள் தங்கள் கார் நின்ற பக்கத்தை வைத்துச் சொல்கிறார்கள்.

கையில் எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தவரை இப்படி.

காற்று அதிகம் என்றால் கார் முதலில் மிகவும் கூர்மையாகத் தோன்றும். ஸ்டியரிங் திருப்பியவுடன் மூக்கு திரும்பும். ஆனால் பிடி விடும்போது சொல்லாமல் விடும், வளைவின் நடுவில் சின்ன மேடு பள்ளத்தில் கார் துள்ளும். லேப் போகப் போக, சூடேறி அழுத்தம் ஏற ஏற, மோசமாகும்.

காற்று குறைவு என்றால் திருப்பியவுடன் ஒரு தாமதம். கார் யோசித்துவிட்டுத் திரும்புவது போல. இடமும் வலமும் மாறி மாறி வரும் வளைவுகளில் பின்பக்கம் ஒரு கணம் கழித்து வந்து சேரும். முதல் இரண்டு லேப்பில் இது அதிகம், சூடேறியதும் குறையும். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். லேப் போகப் போக நன்றாகிறதா, மோசமாகிறதா என்பது, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சி.

நண்பர் ஒருவரின் காரில் முன்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் படித்த விதிப்படி ஒவ்வொரு முறையும் ஒரு பிஎஸ்ஐ இறக்கிக்கொண்டே போனார். சூட்டில் 25க்கு வந்தபோது முன் டயரின் ஷோல்டர் (ட்ரெட் முடிந்து சைட்வால் தொடங்கும் ஓரம்) தாண்டி சைட்வால் எழுத்துகள் வரை தேய்ந்திருந்தன. டயர் வளைவில் உருண்டு சைட்வாலில் ஓடிக்கொண்டிருந்தது. 29க்கு ஏற்றிய உடனே தள்ளுவது பெருமளவு நின்றது. தள்ளுவதற்குக் காரணம் அதிகக் காற்று இல்லை, ஆனால் அவர் வைத்திருந்த விதிக்கு ஒரே ஒரு திசைதான் தெரியும்.

அதனால் செய்ய வேண்டியது: டயரின் ஷோல்டரில் ட்ரெட்டிலிருந்து சைட்வால் வரை குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள், நாலு டயரிலும், இரண்டு மூன்று இடங்களில். ஓடி வந்து பாருங்கள். பல டயர்களில் ஷோல்டர் பக்கம் சின்ன முக்கோணம் இருக்கும். கோடு அந்த முக்கோணத்துக்குப் பக்கத்தில் அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று குறைவு, அல்லது கேம்பர் (டயரின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும் அளவு) போதாது. ட்ரெட் ஓரத்தைக்கூடத் தொடவில்லை என்றால் காற்று அதிகம், அல்லது இன்னும் நீங்கள் வேகமாகப் போகவில்லை. இரண்டாவதும் சாத்தியம், முதல் நாளில் அதுதான் இயல்பு.

ஒரு முறைக்கு ஒரு முனையை மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு பிஎஸ்ஐ படிகள் போதும். எடை குறைந்த காரில் ஒரு பிஎஸ்ஐ நன்றாகவே தெரியும்.

மார்ச் 16

லோட்டஸ் எலிஸ் வைத்திருப்பவர் "எனக்கும் நாலும் சமமா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. எம்எக்ஸ்-5இல் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி, நாலு டயரும் ஒரே அளவு. அதனால் சமம் என்பது அதற்கு நல்ல தொடக்கம். லோட்டஸ் எலிஸில் எஞ்சின் நடுவில், இருக்கைக்குப் பின்னால். எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்களில். இரண்டாம் தலைமுறையில் முன் டயர் 175 அகலம், பின் டயர் 225. பின்பக்கம் அதிகச் சுமை, அதிக அகலம். முன்பக்கம் ஒல்லி டயர், மிகக் குறைந்த சுமை.

அப்படிப்பட்ட காரில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்குங்கள். உற்பத்தியாளர் சாலைக்குக் கொடுத்த வித்தியாசத்தையே டிராக்கிலும் வைத்துத் தொடங்குவது நல்லது. அது வெறுமனே போட்ட எண் இல்லை, கார் எல்லையில் எந்த முனையை முதலில் விட வேண்டும் என்று யோசித்துப் போட்டது. நடு எஞ்சின் காரில் பின்பக்கம் முதலில் விட்டால் மீட்பது கடினம். முன்பக்கம் தள்ளுகிறதே என்று பின்னால் காற்றை ஏற்றிச் சமன் செய்யும் வேலையை, வேகமான வளைவுகள் உள்ள டிராக்கில், நன்றாகப் பழகும்வரை செய்ய வேண்டாம் என்பேன். முன்பக்கத்தைத்தான் தொடுங்கள்.

மார்ச் 22

டயரின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் பற்றி. ஊசியை ட்ரெட்டுக்குள் கொஞ்சம் குத்தி அளக்கும் வகை நல்லது. தூரத்திலிருந்து காட்டும் இன்ஃப்ராரெட் வகை மேற்பரப்பை மட்டும் பார்க்கும். மேற்பரப்பு பிட் லேனில் வருவதற்குள்ளேயே ஆறிவிடும்.

உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளப்போம். நடு அதிகச் சூடு என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் நடுவை விடச் சூடு என்றால் காற்று குறைவு என்பது பொதுவான பாடம். நெகட்டிவ் கேம்பர், அதாவது அந்த உள்சாய்வு, வைத்த காரில் உள் ஓரம் கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு, நேர் சாலையில் ஓடும்போது டயர் அந்த ஓரத்தில்தான் நிற்கிறது. அதனால் நடுவை, இரண்டு ஓரங்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் எடை குறைந்த காரில் இந்தப் பாடம் மங்கலாகத்தான் தெரியும். சைட்வால் சுமைக்கு மிஞ்சிய கடினம் உள்ள டயர், அதன் மேல் சின்னச் சுமை. நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் வரும், அது கை நடுக்கத்திலேயே வரும். 15ஆம் தேதி எழுதிய சாக்பீஸ் கோடும், லேப் போகப் போக நன்றாகிறதா மோசமாகிறதா என்பதும் எனக்கு இதைவிட அதிகம் சொல்லியிருக்கின்றன. பைரோமீட்டரை நான் கேம்பர் பார்க்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன்.

ஏப்ரல் 2

மழை. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் டிராக் நாளில் மழை வந்தால் அப்போது தேடிப் படிக்க நேரம் இருக்காது.

ஈரத்தில் டயர் சூடேறாது. காலை 15 டிகிரியில் 26 வைத்தால், உள்காற்று 30 டிகிரி வந்தாலே பெரிது. கேஜ் 28. ஆக, வறண்ட நாளில் சூட்டுக்கு ஏற்ற 30ஐப் பிடிக்க 24இல் தொடங்கியவர், மழை வந்ததும் அதே காற்றோடு போனால் நாள் முழுக்க 25, 26இல் ஓடுவார். காலையில் வெயிலில் காற்றை இறக்கி, மதியம் மழையில் அப்படியே வெளியே போவது ஆபத்தான சேர்க்கை.

ஏன் ஆபத்து என்றால், தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். விமான டயர்களை வைத்து நாசா சோதித்துச் சொன்ன விதி: மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கில், பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் அந்த வேகம். 20 பிஎஸ்ஐக்கு மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர், 30க்கு 91. கார் டயரில் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதால் எண்கள் அப்படியே பொருந்தாது, தேங்கிய தண்ணீரும் தேய்ந்த டயரும் சேர்ந்தால் கிட்டே வரும். திசை மட்டும் மாறாது: காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும். எடை குறைந்த காரில் அகல டயர் போட்டவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

மழை வந்தால் ஆறிய நிலையில் 28, 29க்கு ஏற்றுங்கள். அதற்குத்தான் சின்ன பம்ப் ஒன்று காரில் இருக்க வேண்டும் என்பது.

ஏப்ரல் 13

கேள்வி கேட்டவர் டிராக் நாள் முடிந்து எண்களை அனுப்பியிருக்கிறார். அருமையாக எழுதி வைத்திருக்கிறார். கடிகாரச் சுற்று டிராக், காலை 26, நாலும் சமம். முதல் ஓட்டம் முடிந்தவுடன்: இடது முன் 33, இடது பின் 32.5, வலது பின் 30.5, வலது முன் 31.

மார்ச் 8ஆம் தேதி சொன்னபடியே இடது பக்கம் இரண்டு பிஎஸ்ஐ கூடுதல். அவர் நாலையும் 30க்கு இறக்கியிருக்கிறார். சரியான வேலை. மதிய இடைவேளையில் ஆறிய பிறகு அளந்தால் இடது பக்கம் வலது பக்கத்தை விடக் குறைவாகக் காட்டியதாம். "கசிவா?" என்று கேட்கிறார். கசிவு இல்லை. சூட்டில் நாலும் சமம் என்றால் ஆறிய பின் அதிகம் சூடேறிய பக்கம் குறைவாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தை எழுதி வையுங்கள். அடுத்த முறை இதே டிராக்குக்கு, காலையிலேயே இடது பக்கம் அந்த அளவு குறைத்துத் தொடங்கலாம். வேறு டிராக்குக்கு அது செல்லாது.

மதியத்துக்கு மேல் முன்பக்கம் தள்ளியதாம், அதுவும் ஓட்டத்தின் கடைசி லேப்களில். அளந்தபோது முன்பக்கம் மீண்டும் 32. காலையை விட வெளி வெப்பம் நிறைய ஏறியிருக்கிறது. டயரில் காற்றை யாரும் தொடாமலே, 15 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குப் பொழுது ஏறினால் 20 பிஎஸ்ஐ என்பது 22 ஆகும். லேப் போகப் போக மோசமானது, ஆக உச்சத்துக்கு மேல்பக்கம். மறுபடியும் 30க்கு இறக்கியதும் சரியாகியிருக்கிறது. காலையில் ஒரு முறை சரிசெய்தால் நாள் முழுக்கப் போதும் என்று நினைப்பவர்களுக்கு இவர் நோட்டைக் காட்ட வேண்டும்.

சாக்பீஸ் கோடு முக்கோணத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது என்கிறார். அடுத்த முறை முன்பக்கம் மட்டும் 29 முயன்று பாருங்கள்.

ஏப்ரல் 14

வீட்டுக்குப் போவதைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டிய விஷயம். சூட்டில் 30க்கு இறக்கிய டயர் மறுநாள் காலை 24, இன்னும் குறைவாகவும் இருக்கலாம். பெட்டியும் ஆளும் ஏற்றி நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போக அது போதாது. ஸ்டிக்கர் எண்ணுக்கு ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டயர் இன்னும் சூடாக இருக்கும்போது 26க்கு வைத்தால் அது 26 இல்லை. ஆறும்வரை காத்திருங்கள், அல்லது சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ கூட்டி வைத்துவிட்டு மறுநாள் சரிபாருங்கள்.

டிராக் மலைமேல் இருந்தால் இன்னொன்று. கடல் மட்டத்தில் அளந்துவிட்டு ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 1.6 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். வீட்டில் வைத்த எண்ணை நம்பாமல் அங்கே போய் அளந்து பாருங்கள்.

மிகவும் குறைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 15க்குக் கீழே போய், வளைவின் ஓரக் கட்டையில் ஏறினால் ரிம் அடிபடும், டயரின் பீட் (ரிம்மைப் பிடித்திருக்கும் உள்விளிம்பு) ரிம்மை விட்டு நழுவவும் கூடும். 500 கிலோ காருக்கும் இது பொருந்தும்.

ஏப்ரல் 20

கடைசியாக வந்த கேள்வி: அடுத்த முறைக்கு செமி-ஸ்லிக் டயர் (பள்ளங்கள் குறைவான, டிராக்குக்கு ஏற்ற டயர்) வாங்கப் போகிறேன், அதே 30 போதுமா?

புது டயர் என்றால் நோட்டில் புதுப் பக்கம். செமி-ஸ்லிக் டயர்களின் சைட்வால் பெரும்பாலும் கடினமாக இருக்கும். சாலை டயரில் காற்று தாங்கிய வேலையில் ஒரு பங்கை அங்கே சைட்வாலே தாங்கும். அதனால் பல எடை குறைந்த கார்களில் சூடான எண் சாலை டயரை விடக் கீழே போய் நிற்கிறது. சில நிறுவனங்கள் கார் எடையை வைத்தே வெவ்வேறு எண்கள் தருகின்றன. அப்படித் தந்திருந்தால் உங்கள் எடைக்கான வரியைப் பாருங்கள், பொதுவான வரியைப் பார்க்காதீர்கள்.

தொடக்கம் பழையபடிதான்: 26இல் போய், சூட்டில் 30க்கு இறக்கி, சாக்பீஸ் கோடு போட்டு, முன்பக்கம் மட்டும் ஒவ்வொரு பிஎஸ்ஐயாக. முதல் ஓட்டத்தில் அவசரப்பட வேண்டாம், அந்த ரப்பர் சூடேற இன்னும் ஒன்றிரண்டு லேப் கேட்கும். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள். நாலு டயருக்கும் தனித்தனியாக, ஆறியதும் சூடானதும், வெளி வெப்பநிலையோடு.